உயர்கல்வியில் இளம் பெண்கள்: எண்ணிக்கைக்கு அப்பால் நிற்கும் தடைகள்

நாடு விடுதலை பெற்ற பின் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, அதாவது 1951இல், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. அக்காலத்தில் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் 100 ஆண்கள் பயின்ற இடத்தில் பெண்கள் ஏறத்தாழ 14 பேரே பயின்றனர். எழுபது ஆண்டுகளில் இந்நிலை பெரிதும் மாறியிருக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் இருந்த 4.33 கோடி மாணவர்களில் 2.07 கோடிப் பேர் பெண்கள். 18 முதல் 23 வரையிலான வயதினரை அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்படும் மொத்தச் சேர்க்கை விகிதம் ஆண்களுக்கு 28.3 ஆகவும் பெண்களுக்கு 28.5 ஆகவும் இருந்தது. பெண்கள் ஆண்களைச் சற்றே முந்தியுள்ளனர் என்பது பெருமைக்குரிய செய்தியே ஆகும்.

ஆயினும் இதே புள்ளிவிவரத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. விகிதம் 28.5 என்றால், அவ்வயதுப் பெண்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அவ்வாண்டில் உயர்கல்வியில் பயிலவில்லை என்பதே பொருள். பழங்குடிப் பெண்களிடையே இவ்விகிதம் 20.9 மட்டுமே, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களிடையே 26. மேலும், சேர்ந்தவர்கள் எத்தகைய கல்லூரியில், எந்தப் பாடத்தில் சேர்ந்தனர், கற்றதன் பயனை அடைந்தனரா என்னும் வினாக்களுக்கு மொத்த எண்ணிக்கையில் விடை கிடைப்பதில்லை. ஆண், பெண் சேர்க்கை சமமாகிவிட்டதால் சிக்கல் தீர்ந்துவிட்டது எனக் கொள்வது பொருந்தாது. தடைகள் மறைந்துவிடவில்லை, அவை கல்லூரி வாசலிலிருந்து வீட்டுக்கும் வீதிக்கும் இடம் பெயர்ந்துள்ளன. இத்தடைகள் யாவை, அவை எவ்வாறு இயங்குகின்றன, அவற்றை நீக்க எம்முயற்சிகள் பயன்பட்டன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூடியிருந்த வாசல்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தடை வெளிப்படையானது. பெண்களைத் தேர்வு எழுத அனுமதிப்பதா என்பதே அன்றைய பல்கலைக்கழகங்கள் எதிர்கொண்ட கேள்வி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1883இல் பட்டம் பெற்ற கடம்பினி கங்குலியும் சந்திரமுகி பாசுவும் நம் நாட்டின் முதல் பெண் பட்டதாரிகளாவர். 1916இல் தொண்டோ கேசவ் கார்வே மகளிருக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின், டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு 1948-49இல் பெண்கல்விக்குத் தனி இடம் அளித்தது. துர்காபாய் தேஷ்முக் தலைமையிலான தேசியக் குழு 1958-59இல் பெண்கல்வியின் பின்னடைவை ஒரு தனிச் சிக்கலாகவே கருதி அணுகுமாறு வற்புறுத்தியது. பெண்களின் நிலையை ஆராய்ந்த குழு 1974இல் அளித்த அறிக்கையும், 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் கல்வியைப் பெண்களின் சமநிலைக்கான கருவியாகக் கண்டன. இன்று எந்தப் பல்கலைக்கழகமும் பெண் என்ற காரணத்தால் ஒருவருக்கு இடம் மறுக்க இயலாது. சட்டத்தின் தடை நீங்கிவிட்டது. எஞ்சியிருப்பது குடும்பம் போடும் கணக்கு.

குடும்பத்தின் கணக்கு

மகளை மேலே படிக்க வைப்பதா, வேண்டாமா என்று ஒரு குடும்பம் முடிவு செய்யும்போது அறியாமையால் மட்டுமே அது தயங்குகிறது என்று எண்ணுதல் தவறு. பெரும்பாலான பெற்றோர் கல்வியின் மதிப்பை அறிவர். அவர்கள் செலவையும் வரவையும் மனத்துக்குள் எடை போட்டுப் பார்க்கின்றனர். மகனுக்கான கணக்கும் மகளுக்கான கணக்கும் வேறுபட்டு அமைவதே சிக்கலின் வேர்.

மகனுக்கான செலவில் கல்லூரிக் கட்டணம், புத்தகம், பயணம், விடுதி ஆகியவை அடங்கும். மகளுக்கான செலவில் இவற்றோடு மேலும் மூன்று இனங்கள் சேர்கின்றன. முதலாவது, பயணத்தின் பாதுகாப்பு பற்றிய அச்சம். இரண்டாவது, அவள் வீட்டில் செய்துவந்த வேலையின் இழப்பு. மூன்றாவது, திருமணம் தள்ளிப்போவதால் ஏற்படும் எனக் குடும்பம் கருதும் கூடுதல் செலவு. படித்த பெண்ணுக்கு அவளினும் அதிகம் படித்த மணமகனையே தேட வேண்டும் என்ற வழக்கம் உள்ள சமூகங்களில், பட்டம் பெறுவது வரதட்சணையைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர்.

வரவுப் பக்கமோ இதற்கு நேர்மாறானது. மகனின் சம்பாத்தியம் தங்களிடமே தங்கும் என்றும், மகளின் சம்பாத்தியம் அவள் புகும் வீட்டைச் சேரும் என்றும் பெற்றோர் கருதுகின்றனர். செலவு பிறந்த வீட்டினுடையது, வரவு புகுந்த வீட்டினுடையது என்றால் அம்முதலீட்டில் யார்தான் விருப்பம் கொள்வர்? இதனை வெறும் உபதேசத்தால் மாற்ற இயலாது. கணக்கின் ஒவ்வோர் இனத்தையும் மாற்றியமைத்தாலன்றி முடிவு மாறாது.

தொலைவு என்னும் தடை

முதல் இனமான பயணத்தை எடுத்துக்கொள்வோம். 2021-22ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுள்ள மக்கள் ஒரு இலட்சம் பேருக்கு நாடு முழுவதிலும் சராசரியாக 30 கல்லூரிகள் இருந்தன. கர்நாடகத்தில் இவ்வெண் 66, பீகாரில் 7. இவ்வேறுபாடு ஆண்களையும் பாதிக்கின்றது என்பது உண்மையே. எனினும் கல்லூரி தொலைவில் இருந்தால் ஆண் பிள்ளை நகரத்தில் அறை எடுத்துத் தங்குவான். பெண் பிள்ளை படிப்பை நிறுத்துவாள்.

எடுத்துக்காட்டாக, கல்லூரி உள்ள ஊரிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிற்றூர் இருப்பதாகக் கொள்வோம். காலையில் ஒரு பேருந்து, மாலை ஐந்து மணிக்கு ஒரு பேருந்து, அதன்பின் ஏதுமில்லை. வேதியியல் செய்முறை வகுப்பு ஐந்து மணிக்கு முடிகிறது. அச்சிற்றூரின் மாணவி அறிவியல் பாடத்தை விட்டு, நண்பகலுடன் முடியும் கலைப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பாள். அது அவளது விருப்பமெனக் கணக்கெடுப்பில் பதிவாகும். உண்மையில் அதனை முடிவு செய்தது பேருந்தின் கால அட்டவணை.

நகரங்களிலும் இத்தடை வேறு உருவில் நிலவுகிறது. தில்லிப் பல்கலைக்கழக மாணவியரைப் பற்றிப் பொருளாதார அறிஞர் கிரிஜா போர்கர் நடத்திய ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஒரே நகரில், ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பல கல்லூரிகளில் இடம் கிடைக்கும் வாய்ப்புள்ள மாணவியர், பாதுகாப்பான வழித்தடம் வேண்டித் தரத்தில் மிகவும் தாழ்ந்த கல்லூரியைத் தெரிவு செய்கின்றனர் என்பதையும், ஆடவர் இவ்வாறு செய்வது மிகக் குறைவு என்பதையும் அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. மதிப்பெண்ணால் வென்ற இடத்தை மாணவி வீதியில் இழக்கிறாள்.

பெண்களின் நடமாட்டம் பற்றிய சமூக மனப்பான்மையும் இதனுடன் இணைந்தது. 2019-21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், சந்தை, மருத்துவ நிலையம், ஊருக்கு வெளியே உள்ள இடம் ஆகிய மூன்றுக்கும் தனியே சென்றுவரத் தமக்கு அனுமதி உண்டு எனக் கூறிய பெண்கள் 42 விழுக்காட்டினரே. சந்தைக்குத் தனியே செல்ல இயலாத இடத்தில், அயலூர்க் கல்லூரிக்கு நாள்தோறும் சென்றுவருதல் எளிதன்று.

விடுதிகள் இத்தொலைவைக் குறைக்கும் வழியாகும். ஆனால் மகளிர் விடுதிகளின் இடங்கள் தேவைக்குப் போதியனவாக இல்லை. பல விடுதிகளில் மாணவியர் மாலையிலேயே திரும்பிவிட வேண்டும் என்ற விதி இருக்க, அதே நிறுவனத்தில் மாணவர்களுக்கு நூலகமும் ஆய்வுக்கூடமும் இரவிலும் திறந்திருக்கின்றன. காப்பு என்ற பெயரால் கற்கும் நேரத்தைக் குறைப்பது காப்பு ஆகாது.

திருமண வயதும் படிப்பு வயதும்

பள்ளிப் படிப்பு பதினெட்டு வயதளவில் முடிகிறது. பட்டப் படிப்பு இருபத்தொன்று வயதளவில் நிறைவுறும். சட்டப்படி பெண்ணின் திருமண வயதும் பதினெட்டே. ஆகவே கல்லூரியில் சேரும் காலமும் திருமணப் பேச்சு தொடங்கும் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பல குடும்பங்களில் கல்லூரிச் சேர்க்கை, நல்ல வரன் அமையும் வரையிலான இடைக்கால ஏற்பாடாகவே கருதப்படுகிறது.

சட்டம் குறிக்கும் வயதுக்கு முன்பே மணம் முடிப்பதும் முற்றிலும் நின்றுவிடவில்லை. 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் பதினெட்டு நிறையுமுன் மணமானவர்கள் 2005-06இல் 47 விழுக்காடாகவும், 2015-16இல் 27 விழுக்காடாகவும், 2019-21இல் 23 விழுக்காடாகவும் இருந்தனர். முதற் பத்தாண்டில் கண்ட விரைவான வீழ்ச்சி பின்னர் தளர்ந்திருப்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. மேற்கு வங்காளத்திலும் பீகாரிலும் 2019-21இல் இது 40 விழுக்காட்டுக்கும் மேல். இப்பெண்களில் பெரும்பாலோருக்கு உயர்கல்வி என்னும் வினாவே எழுவதில்லை.

திருமண வயதை 21 ஆக உயர்த்தும் மசோதா ஒன்று 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிமுகப்படுத்தப்பட்டது. 2024இல் பதினேழாவது மக்களவை கலைக்கப்பட்டபோது அது காலாவதியாயிற்று. சட்டத்தின் பங்கு முக்கியமானது. எனினும் படிப்புக்கு வழியில்லாத ஊரில் சட்டம் மட்டும் திருமணத்தைத் தள்ளிப்போடச் செய்யும் என எதிர்பார்க்க இயலாது. பெண் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பதே திருமணத்தை ஒத்திப்போடச் சமூகம் ஏற்கும் வலுவான காரணம்.

கணக்கில் வராத உழைப்பு

வீட்டு வேலை என்னும் இனம் குடும்பக் கணக்கில் வெளிப்படையாக எழுதப்படுவதில்லை. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். இப்பணிகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்களின் தொகையே குறைவு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். தாய் கூலி வேலைக்குச் செல்லும் வீட்டில் சமையலும், தண்ணீர் கொணர்தலும், தம்பி தங்கையரைப் பேணுதலும் மூத்த மகளின் தலையில் விழுகின்றன. கல்லூரியில் பெயர் இருந்தும் தேர்வுக்கு ஆயத்தமாக நேரம் கிட்டாத மாணவியர் இவ்வாறே உருவாகின்றனர்.

அஞ்சல்வழிக் கல்வியும் திறந்தநிலைக் கல்வியும் இத்தகையோருக்குப் பெருந்துணையாக விளங்குகின்றன. 1985இல் தோன்றிய இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு சான்று. ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. வாய்ப்பில்லாதவர்க்கு வாய்ப்பாக அமைந்த ஏற்பாடு, கல்லூரிக்கு அனுப்ப விரும்பாதவர்க்குச் சாக்காகவும் ஆகலாம். இணையவழிக் கல்விக்கும் இது பொருந்தும். 2019-21இல் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57 விழுக்காடு. வீட்டில் ஒரே ஒரு கைபேசி இருப்பின் அது எவர் கையில் இருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

பாடத் தேர்வும் பயனும்

அறிவியல் பாடப் பிரிவுகளில் 2021-22இல் பயின்றோருள் பெண்கள் பாதிக்கும் சற்று அதிகம். ஆகவே பெண்களுக்கு அறிவியலில் நாட்டமில்லை என்ற கூற்றுக்கு அடிப்படை கிடையாது. ஆனால் பொறியியலில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதற்கு விளக்கம் பெரும்பாலும் பணமே. பொறியியல் படிப்புக்குக் கட்டணம் அதிகம். அதற்கு முன்னதாக நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கும் பெருந்தொகை வேண்டும். வெளியூரில் தங்கவும் நேரிடும். இம்மூன்றும் மகனுக்கே ஒதுக்கப்படுகின்றன.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் அனுபவம் கருதத்தக்கது. அவற்றின் இளநிலைப் படிப்புகளில் மாணவியர் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நிலையில், 2018 முதல் மாணவர் இடங்களைக் குறைக்காமல் மாணவியருக்கென மிகை இடங்கள் உருவாக்கப்பட்டன. மாணவியரின் பங்கு 2020க்குள் 20 விழுக்காட்டை எட்டுவதே இதன் குறிக்கோள். தகுதியுடையோர் முன்பும் இருந்தனர். விரும்பும் பாடமும் அருகிலுள்ள நிறுவனமும் கிட்டாமையால் பலர் ஒதுங்கியிருந்தனர். வழி திறந்ததும் வந்தனர்.

படித்த பின் வேலை கிடைக்குமா என்பதும் குடும்பக் கணக்கைத் தீர்மானிக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு விகிதம் 2017-18இல் 23.3 ஆக இருந்து 2023-24இல் 41.7 ஆக உயர்ந்தது. ஆனால் இவ்வுயர்வின் பெரும்பகுதி ஊரகங்களில் சுயதொழிலாகவும், குடும்பத் தொழிலில் ஊதியமற்ற உதவியாகவும் அமைந்தது. பட்டதாரிப் பெண்களிடையே வேலையின்மை பட்டதாரி ஆண்களினும் அதிகமாகவே காணப்படுகிறது. பட்டம் பெற்ற அண்டை வீட்டுப் பெண் வேலையின்றி இருப்பதைக் காணும் பெற்றோர் தம் மகள் விஷயத்தில் தயங்குவது இயல்பே. ஆதலால் பெண்களுக்கான வேலைவாய்ப்பும் பெண்கல்விக் கொள்கையின் ஓர் அங்கமே.

பயன் தந்த முயற்சிகள்

இத்தடைகளைத் தளர்த்தியதற்கும் நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்க ரூ. 2,000 வழங்கத் தொடங்கியது. இதனைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளாதார அறிஞர்கள், அண்டை மாநிலமான ஜார்க்கண்டுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மாணவியரின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததையும், ஆண், பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததையும் அவர்கள் கண்டறிந்தனர். பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதியாக இருந்தது. தொலைவே தடையாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை. கூட்டமாக மிதிவண்டியில் செல்லும் மாணவியரைக் கண்டு பழகிய ஊர், பெண்கள் வெளியே செல்வதையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது.

மேற்கு வங்காளத்தில் 2013இல் தொடங்கப்பட்ட கன்யாஸ்ரீ திட்டம், படிப்பைத் தொடர்ந்து மணமாகாதிருக்கும் பெண்ணுக்குப் பதினெட்டு வயதில் ரூ. 25,000 வழங்குகிறது. 2017இல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சேவை விருதையும் இது பெற்றது. ஆயினும் அம்மாநிலத்தில் பதினெட்டுக்கு முன் மணமானோர் விகிதம் 2015-16க்கும் 2019-21க்கும் இடையே குறையவில்லை. பண உதவி தேவையானது, ஆனால் தனித்து நின்று போதாதது என்னும் பாடத்தை இதிலிருந்து பெறலாம். பதினெட்டில் கிடைக்கும் தொகை படிப்புக்கும் ஆகலாம், திருமணச் செலவுக்கும் ஆகலாம்.

தமிழ்நாட்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் தோன்றிய திட்டம், படித்த ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி அளித்துவந்தது. 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணவியர் உயர்கல்வி பயிலும் காலம் முழுவதும் மாதம் ரூ. 1,000 பெறுகின்றனர். ஒரே பெயர் கொண்ட திட்டம், மணமேடையிலிருந்து வகுப்பறைக்கு வந்திருப்பது சிந்திக்கத்தக்க மாற்றம்.

செய்ய வேண்டியவை

மேற்கூறியவற்றைக் கருத்திற்கொண்டு சில நடவடிக்கைகளை முன்வைக்கலாம்.

1. கல்லூரிகள் அமையும் இடத்தைத் திட்டமிடும்போது, மாணவி நாள்தோறும் வீடு திரும்பக்கூடிய தொலைவை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். கல்லூரி குறைந்த மாவட்டங்களுக்கு முன்னுரிமை தேவை.

2. பேருந்துக் கால அட்டவணையும் கல்லூரிக் கால அட்டவணையும் இணைத்து வகுக்கப்படல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மாவட்ட அளவில் இரு துறையினர் கூடிப் பேசினால் போதும். சில மாநிலங்கள் மகளிருக்கு வழங்கும் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம், பேருந்து உள்ள ஊர்களுக்கே பயன் தரும் என்பதையும் மறக்கலாகாது.

3. மகளிர் விடுதிகளைக் கல்லூரிக் கட்டடத்தின் இன்றியமையாத பகுதியாகக் கருதி, தொடக்கத்திலேயே நிதி ஒதுக்க வேண்டும். விடுதி நேர விதிகள் இருபாலாருக்கும் ஒன்றாக இருத்தல் நலம்.

4. உதவித்தொகை கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மாணவியின் கணக்கில் சேர வேண்டும். ஆண்டு முடியும் தறுவாயில் வரும் தொகையால் கடன் வட்டி தீருமேயன்றிக் கல்வி நிலைக்காது.

5. மணமான பெண்கள் படிப்பைத் தொடர வழி வேண்டும். ஆராய்ச்சி மாணவியருக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பும், ஆய்வை நிறைவு செய்யக் கூடுதல் காலமும் 2016ஆம் ஆண்டு முறைமைகளில் இடம்பெற்றன. இதே நோக்கு பட்ட வகுப்புகளிலும் நடைமுறைக்கு வர வேண்டும். பணியிடத்திலும் கல்லூரியிலும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் குழுக்கள், காகித அளவில் நில்லாமல் மாணவியர் அறியும் வண்ணம் இயங்க வேண்டும்.

முடிவுரை

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதத்தை 2035க்குள் 50 ஆக உயர்த்தக் குறிக்கோள் வகுத்துள்ளது. இனிச் சேர வேண்டியவர்கள், இதுவரை சேர்ந்தவர்களைவிடத் தொலைவில் வாழ்பவர்கள், ஏழ்மை மிக்கவர்கள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரியை எண்ணிப் பார்ப்பவர்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களை அழைத்துவர விளம்பரமும் விழிப்புணர்வு முழக்கமும் போதா. ஒரு மாணவி விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி மாலையில் அச்சமின்றித் திரும்புவதற்கான பேருந்தும், தங்குவதற்கோர் அறையும், உரிய நேரத்தில் உதவித்தொகையும், படித்து முடித்ததும் ஒரு வேலையும் கிடைக்குமாயின், பெற்றோரின் கணக்கு தானே மாறும். அக்கணக்கை மாற்றுவது அரசின் கடமை. மாறும்வரை காத்திராமல் மகளை அனுப்பத் துணியும் பெற்றோருக்குத் துணைநிற்பது சமூகத்தின் கடமை.